பர்கூர் மலைப் பொது மேய்ச்சல் காடு: உன்னிச்செடி, மாட்டுக் கணக்கு, உரிமை மனு. எதை முதலில் தொடங்குவது?

மலைப்பட்டி எழுதியது:

வணக்கம்ங்க. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் ஒரு சிற்றூருக்காகக் கேட்கிறேன். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் காடு சுமார் 900 ஏக்கர். மூணில் ரெண்டு பங்கை உன்னிச்செடி (லண்டானா) மூடிவிட்டது. மாடு வாய் வைக்கிற மாதிரி புல் இருப்பது 300 ஏக்கரில்தான். 14 பட்டி, கன்று தவிர்த்து 210 உருப்படி, எல்லாம் பர்கூர் செம்மறை மாடுகள். மழை தொடங்கியதும் ஆறு மாதம் காட்டில் பட்டி போடுவது, அறுவடை முடிந்ததும் ராகித்தாளுக்கும் சோளத்தட்டுக்கும் ஊருக்கு இறக்குவது. இதுதான் வழக்கம்.

இந்தக் காடு எத்தனை மாடு தாங்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? உன்னியை எப்படி எடுத்தால் திரும்ப வராது? ஜேசிபி விட்டால் ஒரே மாதத்தில் முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆன பிறகும் மேய்ச்சல் உரிமைக்கு மனுப் போட முடியுமா? ஊரில் ஆளுக்கொரு பதில் வருகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

புல்கணக்கு பதில்:

மாட்டை எண்ணுவதற்கு முன்னால் புல்லை நிறுத்துப் பாருங்க.

மூங்கில் பிளாச்சில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் கட்டிக்கொள்ளுங்கள். புல் முழுசாக வளர்ந்து, விதை உதிர்வதற்கு முன்னால், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வீசுங்கள். நல்ல புல்லாகப் பார்த்து வைத்தால் கணக்கு பொய். விழுந்த இடத்தில் தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்து, மாடு தின்னாத செடிகொடியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மொறுமொறு என்று ஆகும்வரை வெயிலில் காய வைத்து நிறுக்க வேண்டும். குறைந்தது 20 இடம். சதுர மீட்டருக்கு 100 கிராம் வந்தால் ஹெக்டேருக்கு ஒரு டன், ஏக்கருக்கு 400 கிலோ சொச்சம்.

இதில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மாடு மேய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் அறுத்தால் அது மிச்சத்தின் எடை, விளைச்சலின் எடை அல்ல. மழை தொடங்கும்போதே நாலைந்து இடத்தில் முள் அடைத்து வைத்து, அதற்குள்தான் அறுக்க வேண்டும். அப்படி அடைத்த இடம் இல்லையென்றால் கோயில் காடு, நாற்றுக்கு வேலி போட்ட இடம் என்று மாடு புகாத இடமாகத் தேடுங்கள்.

விளைந்ததில் 40 சதவீதத்துக்கு மேல் மாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதி, வேர் பிழைக்கவும், விதை விழவும், மிதிபட்டு வீணாகவும், மானும் காட்டுமாடும் தின்னவும் போகும். 250 கிலோ பர்கூர் மாடு ஒரு நாளைக்குத் தின்னும் உலர் தீவனம் சுமார் 6 கிலோ.

இன்னொன்று, எல்லாப் புல்லும் புல் அல்ல. எலுமிச்சைப் புல் வகை உயரமாக நின்று எடையைக் காட்டும். ஆனால் முற்றினால் மாடு மோந்துவிட்டுப் போய்விடும். ஊசிப்புல் கதிர் விடும்வரை நல்ல தீவனம். விதை முற்றிய பிறகு ஊசி வாயிலும் தோலிலும் ஏறிப் புண்ணாக்கும். இந்த ரெண்டையும் தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் மாட்டைக் காப்பாற்றுவது ஆச்சா, உசில், வெள்வேல் தழையும் காயும்தான். அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் பஞ்ச காலத்துக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது.

---

வேர்க்கொத்து பதில்:

ஜேசிபி வேண்டவே வேண்டாம். சரிவில் மேல்மண் பிரண்டால் முதல் பெரிய மழைக்கே ஓடையில் சேரும். மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் உன்னி விதையெல்லாம் வெளிச்சம் கண்டு ஒரே நேரத்தில் முளைக்கும். உடைந்து மண்ணில் புதைந்த தண்டும் வேர்விடும். காப்புக்காட்டுக்குள் இயந்திரம் இறக்குவது வழக்கில் போய் முடியும் என்பது வேறு.

அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டுவதும் வீண் கூலி. ஒரு தண்டு இருந்த இடத்தில் அடுத்த மழைக்குப் பத்துத் தண்டு வரும். துளிர்க்கிற சக்தி அடித்தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் இருக்கிறது. அதற்குக் கீழே வெட்டினால்தான் செடி சாகும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் பரவலாக்கிய அடிவேர் வெட்டு முறை இதுதான்.

ரெண்டு ஆள் சேர்ந்து செய்வது எளிது. ஒருவர் கவைக்கோலால் புதரை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர் தூரைச் சுற்றிச் சருகை விலக்கி, கனமான ஒடுக்குக் கொத்தால் தரைக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் மூலவேரை ரெண்டு மூணு போடு போட்டு அறுக்க வேண்டும். வெட்டு விழுந்ததும் புதர் அப்படியே சாயும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானம் பார்க்கிற மாதிரி, வெட்டாத பக்கத்துப் புதர் மேலேயே போட்டுவிடுங்கள். தரையில் கிடத்தினால் கணுக்கள் வேர்விடும். இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் காய் உதிரும். தோண்டிய குழியை மிதித்து மூடிவிடுங்கள், மண் கிளறியதே தெரியக்கூடாது.

மண் ஈரமாக இருக்கும்போது, பூத்துக் காய்க்கும் முன் செய்வது பாதி வேலையை மிச்சப்படுத்தும். காய் பழுத்துவிட்டால் மைனாவும் கொண்டைக்குருவியும் விதையைப் பரப்பிவிடும். அதனால் மறுபடி முளைப்பது கண்ட இடத்தில் அல்ல, பறவை உட்காரும் மரத்தடியிலும் நீர் ஓடும் பள்ளத்திலும்தான் நெருக்கமாக முளைக்கும். அந்த இடங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை போய், ஒரு சாண் இருக்கும்போதே கையால் பிடுங்க வேண்டும். மூணு வருஷம் இதை விடாமல் செய்தால்தான் முதல் வருஷக் கூலி உருப்படும். பெரும்பாலான ஊர்களில் திட்டம் தோற்பது இங்கேதான்: முதல் வெட்டுக்குப் பணம் வரும், மூணாம் வருஷப் பிடுங்கலுக்கு யாரும் தரமாட்டார்கள்.

எங்கே தொடங்குவது என்றால், பட்டிக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட காட்டில். புல் மிச்சம் இருக்கும் ஓரத்திலிருந்து உன்னிக்குள் நகருங்கள். நடுவில் தனித்தீவாக வெட்டினால் புல் விதை வர வழியில்லை. செங்குத்தான சரிவில் கிடைமட்டமாக ஒரு பட்டை வெட்டி ஒரு பட்டை விட்டு, புல் பிடித்த பிறகு விட்டதை எடுங்கள்.

வெட்டிய இடத்தை ரெண்டு மழைக்காலம் மாடு விடாமல் அடைக்க வேண்டும். இதைச் செய்ய ஊர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கொத்தையே எடுக்காதீர்கள். மாடு உன்னியைத் தொடாது, இளம்புல்லைத் தேடித் தேடித் தின்னும். திறந்த நிலத்தில் புல்லை மட்டும் மேயவிட்டால் உன்னிக்கு நாமே களையெடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

விதை போடுவதானால் அதே காட்டில் தை மாதம் உருவிய கொழுக்கட்டைப் புல் விதை போதும், ஏக்கருக்கு 3 கிலோ. புதுவிதை ஆறேழு மாதம் முளைக்காது, போன வருஷத்து விதையாக இருக்கட்டும். சாணமும் மண்ணும் கலந்து, நாலு தூறல் விழுந்த பிறகு தூவுங்கள். ஒட்டுப்புல் கரணை எதையும் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

பக்கத்தில் மாதேஸ்வரன் மலைச் சோளகர் பழங்குடியினர் உன்னித்தண்டை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலி, மேசை செய்கிறார்கள். வெட்டிய தண்டில் கட்டைவிரல் பருமனுக்கு நேராக இருப்பதைப் பிரித்து வையுங்கள்.

---

கால்நடைக்காரர் பதில்:

உன்னி வெட்டுகிற வாரங்களில் மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். வாடிய தழையைப் பசியோடு வரும் மாடும், சந்தையில் வாங்கிப் புதிதாக வந்த மாடும் தின்னும். உடல் எடையில் 1 சதவீதம் பச்சைத்தழை உள்ளே போனாலே ஈரல் கெடும். முதலில் சாணம் இறுகும், அசை நிற்கும், கண் மஞ்சளிக்கும், மூத்திரம் கறுத்து வரும். செம்மறை மாட்டில் இன்னொரு அடையாளம்: வெயில் பட்டதும் வெள்ளைத் திட்டு இருக்கும் இடமும் மூக்கும் மட்டும் சிவந்து, வெடித்து, தோல் உரியும். பக்கத்திலேயே செந்நிறத் தோல் நன்றாக இருக்கும். உடனே இருட்டான கொட்டகையில் கட்டி மருத்துவரைக் கூப்பிடுங்கள். வயிறு வேலை நிறுத்தியதால் விஷம் உள்ளேயே தங்கி நாள்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். அதனால்தான் செயலூட்டிய கரித்தூளைக் கிலோ கணக்கில் குழாய் வழியே கொடுக்கிறார்கள். அடுப்புக்கரி அந்த வேலையைச் செய்யாது.

காட்டுக்கு ஏற்றும் முன் மூணு வாரம் இருக்கும்போதே கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான் ஊசி முடிந்திருக்க வேண்டும். கோமாரி காட்டுமாட்டுக்கும் மானுக்கும் தொற்றும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 33ஏ படி தடுப்பூசி போடாத கால்நடையைச் சரணாலயத்துக்குள் மேய்க்கவே கூடாது. ஊசி போட்ட அட்டையைப் பட்டிவாரியாக வைத்திருங்கள், நாளைக்கு மனுவுக்கும் உதவும்.

பட்டியை ஒரே இடத்தில் வைக்கும் வழக்கம் இருந்தால் மாற்றுங்கள். வயிறு நிறைந்து உதிரும் பெண் உண்ணி ஒன்று இரண்டாயிரத்துக்கு மேல் முட்டையிடும். மூணு நாலு வாரத்தில் குஞ்சு பொரித்து, மாடு கிடைக்காமலே ரெண்டு மூணு மாதம் புல் நுனியில் காத்திருக்கும். 15 நாளுக்கு ஒரு முறை பட்டியை நகர்த்தி, பழைய இடத்துக்கு நாலு மாதம் திரும்பாமல் இருந்தால் மருந்துச் செலவில் பெரும்பகுதி குறையும்.

சிறுத்தையோ செந்நாயோ அடித்த மாட்டின் மேல் யாரும் மருந்து தடவக் கூடாது. சட்டப்படி குற்றம். அதைத் தின்னும் பாறுக் கழுகும் சாகும். மாயாறு பள்ளத்தாக்குப் பாறுகள் ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் சுற்றி இரை தேடும், உங்கள் மலை அவற்றுக்குத் தூரமே இல்லை. வலி ஊசியும் அப்படித்தான். டைக்ளோஃபினாக் 2006 முதல், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் 2023 முதல் கால்நடைக்குத் தடை. மெலாக்சிகம் கேட்டு வாங்குங்கள்.

---

மலைப்பட்டி எழுதியது:

ரொம்ப நன்றிங்க. நாற்றுக்கு வேலி போட்ட இடத்திலும் கோயில் காட்டிலுமாக 20 இடத்தில் அறுத்து நிறுத்தோம். சராசரி 120 கிராம். அதை வைத்துப் பார்த்தால் நம் 210 உருப்படி எங்கேயோ நிற்கிறதே? முன்னெல்லாம் தை, மாசியில் சருகுக்குத் தீ வைப்பார்கள், அதை நிறுத்தியதால்தான் உன்னி வந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தீ வைத்தால் குறையுமா? பக்கத்துச் சோளகர் ஊரும் இதே காட்டில் தேன், கடுக்காய் எடுக்கிறது. மனுவில் அவர்களை எப்படிச் சேர்ப்பது?

---

புல்கணக்கு பதில்:

120 கிராம் என்றால் ஏக்கருக்கு 485 கிலோ. அதில் 40 சதவீதம் 194 கிலோ. ஒரு மாடு ஆறு மாதம் தின்ன 1,080 கிலோ வேண்டும். ஆக மாட்டுக்கு அஞ்சரை ஏக்கர். 300 ஏக்கரில் 54 மாடு. அதே 900 ஏக்கரும் புல்லாக இருந்தால் 162 மாடு. மாடு கூடியதைவிடக் காடு சுருங்கியதுதான் பெரிய சிக்கல் என்று இதில் தெரிகிறது. ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது, புல் இருப்பது இன்றைக்கு 54-க்குத்தான்.

210-ஐ ஒரே வருஷத்தில் 54 ஆக்கச் சொன்னால் ஊர் பிளவுபடும். நடக்கக்கூடியது மூணு வேலை. காட்டில் இருக்கும் காலத்தை ஆறிலிருந்து நாலு மாதமாகச் சுருக்கினால் தாங்கும் எண்ணிக்கை 81 ஆகும். வயதான காளை, உழவுக்குப் போகாத எருதுகளை ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் விற்றுவிடலாம். பர்கூர் மாட்டுக்கென்றே ஆள் வருகிற சந்தை அது. பசுக்களில் கை வைக்காதீர்கள். 20-25 பசுவுக்கு ஒரு பொலிகாளை போதும், மூணு வருஷத்துக்கு ஒரு முறை வேறு பட்டியோடு மாற்றிக்கொண்டால் ஒரே இரத்தத்துக்குள் இனச்சேர்க்கை நடக்காது. மூணாவது, மீதி மாட்டுக்கு மானாவாரித் தீவனச் சோளம். பூ வருமுன் வாடிய சோளப்பயிரை மட்டும் மேயவிடாதீர்கள், நச்சு.

வருஷத்துக்கு 60 ஏக்கர் உன்னி எடுத்தால், அடைப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு வருஷமும் 11 மாட்டுக்கு இடம் கூடும். அந்தப் 11 இடமும் வெட்டுக்கு ஆள் அனுப்பிய பட்டிக்கே என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். பட்டிக்கு இத்தனை என்று சமமாக ஓர் அடிப்படை உரிமை, அதற்கு மேல் வைப்பவர் மாட்டுக்கு இவ்வளவு என்று மூணாம் வருஷப் பிடுங்கலுக்குக் கட்டணம். இருக்கும் மாட்டு எண்ணிக்கை விகிதத்தில் உரிமை பிரித்தால், அதிகம் வைத்திருப்பவருக்குக் காட்டையே எழுதிக் கொடுத்த மாதிரி.

---

வேர்க்கொத்து பதில்:

தீ பற்றிப் பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கர்நாடகத்து பிலிகிரி ரங்கன் (பிஆர்டி) மலைச் சோளகர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பனி காயுமுன் தை மாதத்தில் வைக்கும் தீ சருகை மட்டும் எரித்து முழங்கால் உயரத்தில் ஓடும், உன்னி நாற்று கருகும். அது உன்னி நாற்றாக இருந்த காலத்துக் கதை. இன்றைக்கு ஆள் உயரப் புதர் மரக்கிளை வரை ஏறி நிற்கிறது. தீ வைத்தால் உச்சிக்குப் போகும், மரம் சாகும், உன்னி அடியிலிருந்து துளிர்க்கும். காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம் என்பதால் மனு போட்ட ஊரின் பெயரும் கெடும்.

---

மனுத்தாள் பதில்:

சரணாலயத்திலும் மனுப் போடலாம். 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 2(டி)-யில் வனநிலம் என்பதற்குள் சரணாலயம், தேசியப் பூங்கா ரெண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. மேய்ச்சல் உரிமை 3(1)(டி), காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமை 3(1)(ஐ). உங்கள் காடு அடங்கிய தந்தை பெரியார் சரணாலயம் (80,567 ஹெக்டேர்) 2024 ஜனவரி அரசாணையில் வந்தது. சரணாலயத்தில் மேய்ச்சலை முறைப்படுத்தவோ தடுக்கவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 33(டி) அதிகாரம் தருகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. உங்கள் காடு இப்போது அந்த வகைக்குள் வந்துவிட்டது. உரிமைப் பட்டயம் இல்லாமல் வாய்வழக்கத்தை நம்பி இருப்பது இனி ஆகாது. ஆகவே முதலில் மனு.

மேய்ச்சலுக்கு பி படிவம், வன வளத்துக்கு சி படிவம். ரெண்டையும் சேர்த்தே போடுங்கள். பி மட்டும் போட்டால் மேயலாம், உன்னி வெட்டித் திருத்தும் நிர்வாக அதிகாரம் சி-யில்தான். பழங்குடி அல்லாத லிங்காயத்துகள் போன்ற பிற மரபுவழி வனவாசிகள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வசித்துக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். வன உரிமை விதிகளில் விதி 13 ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் கேட்கிறது. பழைய மேய்ச்சல் வரி ரசீது (அன்றைக்குக் கோவை மாவட்டம், அந்தப் பெயரில் தேடுங்கள்), வனத்துறைச் செயல்திட்ட ஏடுகள், பட்டி இருந்த தடம், மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி, காட்டுக் கோயில், மனுதாரர் அல்லாத பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் எல்லாம் செல்லும். ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் புள்ளியோடு படம் எடுங்கள்.

மனுக்கள் திரும்பி வருவது பெரும்பாலும் கூட்டத்தில் செய்த கோளாறால். இந்தச் சட்டத்தின் கிராம சபை ஊராட்சித் தலைவர் கூட்டும் சபை அல்ல, அந்தச் சிற்றூரின் வயது வந்தோர் எல்லாரும். பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூணில் ஒரு பங்கு பெண்கள். வன உரிமைக் குழு 10 முதல் 15 பேர். கையெழுத்துத் தாள் குறைந்தால் உட்கோட்டக் குழுவிலேயே நின்றுவிடும். திருப்பினால் எழுத்தில் காரணம் வாங்கிக்கொண்டு 60 நாளுக்குள் மேல்முறையீடு.

சோளகர் ஊரை உங்கள் மனுவுக்குள் சேர்க்காதீர்கள், அவர்கள் தனி மனு போடட்டும். எல்லை ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் விதி 12(3) படி ரெண்டு ஊர்க் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து, யார் எந்த மாதம் எதை எடுக்கிறார்கள் என்று எழுதி ரெண்டு கிராம சபைக்கும் கொடுக்கலாம். தேன் எடுக்கும் பாறைக்கடி, கடுக்காய் மரங்கள் உள்ள பகுதி, பட்டி போகாத மாதங்கள் என்று வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். அவர்களிடம் பேசாமல் உங்கள் மனு மட்டும் போனால் அதையே காரணம் காட்டி ரெண்டையும் கிடப்பில் போடுவார்கள்.

---

கால்நடைக்காரர் பதில்:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பட்டி எருவைக் கீழ்நாட்டு மஞ்சள் காட்டுக்கு லாரி ஏற்றுகிறீர்கள் என்றால் நிறுத்திப் பாருங்கள். ஒரு மாடு ராத்திரியில் போடுவது அஞ்சு கிலோ சாணம்; 81 மாடு நாலு மாதத்தில் 48 டன் பக்கம். அது முழுவதும் காட்டுப் புல்லின் சத்து. பட்டியை மனு எல்லைக்குள் உன்னி எடுத்த அடைப்பின் ஓரமாக நகர்த்திக்கொண்டே வந்து, பாதியையாவது அங்கேயே விட்டுவிட்டால் புல் விதை பிடிப்பது கண்ணுக்குத் தெரியும்.

---

வேர்க்கொத்து பதில்:

அடைப்புக்கு வெளியே மட்டும் பட்டி போடுங்கள், உள்ளே வேண்டாம். எருவோடு பார்த்தீனியம் விதையும் வரும், முதல் வருஷ வெற்றுமண்ணில் அதுதான் முந்தும். ரெண்டாம் வருஷம் எருவை ஆறப்போட்டுக் கூடையில் கொண்டுபோய்த் தூவினால் போதும்.